திறமை, தேர்ச்சி, கைப்பழக்கம்: யாழ்ப்பாணத்துச் சொல்லாக்க வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொற்களைப் பெயர்க்குமிடத்துப் பொருட்பெயர்கள் பெரும் இடர் விளைவிப்பதில்லை. புகையிரதத்தையும் தந்தியையும் கண்ணாற் கண்டபின் அவற்றுக்குப் பெயரிடுதல் எளிது. மனிதரின் ஆற்றலைக் குறிக்கும் சொற்களோ இத்தகையன அல்ல. ஒருவரைத் திறமைசாலி எனக் கூறும்பொழுது நாம் அவரை வருணிப்பதோடு அமையாது, அவரைப் பற்றிய தீர்ப்பொன்றையும் வழங்குகிறோம். அத்தீர்ப்பை வழங்கும் உரிமை எவரிடம் உள்ளது, எவ்வகை உழைப்பு அத்தீர்ப்புக்குரியதாகக் கொள்ளப்படுகிறது என்னும் வினாக்களுக்கான விடை அகராதியில் இல்லை. அது சமூகத்தின் உழைப்புப் பிரிவினையில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஸ்கில், அபிலிற்றி, ரலன்ற், மெரிற், கொம்பிற்றன்ஸி எனப் பல சொற்கள் இத்துறையில் வழங்குகின்றன. தமிழிலும் திறம், திறன், திறமை, ஆற்றல், வல்லமை, தேர்ச்சி, தகுதி, தகைமை, புலமை எனச் சொல்வளத்துக்குக் குறைவில்லை. ஆகவே எமது சிக்கல் சொற்பஞ்சத்தால் எழுந்ததன்று. எந்தச் சொல்லை எந்தச் சொல்லுக்கு நேராக நிறுத்துவது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாக யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பின்னர் இலங்கையின் தமிழ்மொழிக் கல்வியிலும் இத்தெரிவு எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் எவர் பயனடைந்தனர், எவரது உழைப்பு பெயரற்றுப் போயிற்று என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

2

ஆராய்ச்சிக்குத் தோற்றுவாயாக ஒரு சொல்லின் பயணத்தைக் காண்பது பொருத்தமாகும். ரலன்ற் என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் கிரேக்கத்தில் உள்ள தலந்தொன் என்பதாகும். முதலில் தராசையும் எடையையும் குறித்த அச்சொல் பின்னர்ப் பெருந்தொகைப் பணத்துக்குப் பெயராயிற்று. ஏதென்ஸ் நகரத்து வழக்கில் ஒரு தலந்தொன் ஆறாயிரம் திராக்மாவுக்குச் சமம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு திராக்மா அந்நகரத்துக் கைவினைஞன் ஒருவனின் ஏறத்தாழ ஒருநாட் கூலியாகும். அதாவது, ஒரு தலந்தொன் ஆறாயிரம் நாள் உழைப்பின் விலை.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்திலே தலைவன் ஒருவன் தன் ஊழியரிடம் முறையே ஐந்து, இரண்டு, ஒன்று என இப்பணத்தை ஒப்படைத்துப் பயணம் போகிறான். பணத்தைப் பெருக்கியவர் பாராட்டப் பெறுகின்றனர். புதைத்து வைத்தவன் உள்ளதையும் இழக்கிறான். இவ்வுவமைக்குக் காலந்தோறும் கூறப்பட்ட சமய விளக்கத்தின் பயனாக மத்தியகாலத்தின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் அச்சொல் பணப்பொருளை இழந்து, இறைவன் அருளிய இயல்பான ஆற்றல் என்னும் பொருளைப் பெற்றது. உழைப்பின் விலையாக இருந்தது பிறவிக் கொடையாக உருமாறியமை மனங்கொளத்தக்கது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்தனர்? தமிழ்ச் சபைகளில் இன்று பரவலாக வழங்கும் வேதாகமத்தில் அது 'தாலந்து' என ஒலிபெயர்க்கப்பட்டுள்ளது. பணத்தின் பெயரைப் பணத்தின் பெயராகவே அவர்கள் விட்டுவைத்தனர். ஆயினும் ஆங்கிலப் பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. பாடவும் பேசவும் வல்ல பிள்ளையைத் தாலந்துள்ள பிள்ளை எனக் கூறுவது கிறிஸ்தவர் வழக்கிலே நிலைபெற்றுவிட்டது. அதே பகுதியில், அவரவர் ஆற்றலுக்கேற்பப் பணம் பகிரப்பட்டது எனக் கூறுமிடத்துக் கிரேக்க மூலத்தில் உள்ள துனாமிஸ் என்னும் சொல்லைத் தமிழ் வேதாகமம் 'திறமை' எனப் பெயர்த்தது. ஆங்கிலத்தில் அவ்விடத்து நிற்பது அபிலிற்றி. பணம் வருவதற்கு முன்னரே ஊழியனிடத்தில் இருந்த, அளந்தறியத்தக்க, ஆளுக்காள் வேறுபடுகின்ற ஒரு பண்பு என்னும் கருத்து இங்கே திறமை என்னும் சொல்லின்மேல் ஏறுகிறது. பின்னாளில் அச்சொல்லின்மேல் விழுந்த சுமையை நோக்குமிடத்து இது சிறு செய்தியன்று.

பழந்தமிழில் திறம் என்பது முதன்மையாக வகை, கூறு, தன்மை ஆகியவற்றைக் குறித்தது. ஆங்கில ஸ்கில் என்பதன் மூலமான பழைய நோர்ஸ் மொழிச் சொல்லும் பிரித்தறிதல், வேறுபாடு காணல் என்னும் பொருளையே கொண்டிருந்தது. வகையறிந்து செய்பவனே வல்லவன் என்னும் உலகியல் அனுபவம் இரு மொழிகளிலும் இருந்தமைக்கு இது சான்றாகும். வேலையில் வெளிப்படும் அறிவாக இருந்தது ஆளுக்குள் உறையும் பண்பாக மாறியது பிற்காலத்து வளர்ச்சியே.

3

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையிலான சொற்பரிமாற்றம் நிறுவனரீதியாகத் தொடங்கியது அமெரிக்க மிஷனின் வருகையுடன் ஆகும். 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட செமினறி, 1842இல் மானிப்பாயில் அச்சேறிய யாழ்ப்பாண அகராதி, வின்சுலோ 1862இல் வெளியிட்ட தமிழ்-ஆங்கிலப் பேரகராதி என்பன இம்முயற்சியின் மைல்கற்கள். வின்சுலோவின் அகராதி சென்னையில் வெளிவந்ததெனினும் அதற்கான அடித்தளம் யாழ்ப்பாணத்திலேயே இடப்பட்டது.

செமினறியிற் கற்றோர் ஆங்கிலத்தைத் துணைகொண்டு அரசாங்க உத்தியோகங்களை நாடிச் சென்றனர். மதம் பரப்பும் நோக்குக்கு இது உதவவில்லை என மிஷன் தலைமை கருதியதன் விளைவாக 1855இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. எனினும் அது தோற்றுவித்த வாழ்க்கை முறை மூடப்படவில்லை. வறண்ட நிலமும் சிறு தோட்டங்களும் கொண்ட குடாநாட்டில், நிலவுடைமையும் உயர்சாதி நிலையும் வாய்ந்த குடும்பங்களுக்கு ஆங்கிலக் கல்வி இரண்டாவது காணியாயிற்று. கொழும்பு, தென்னிந்தியா, பின்னர் மலாயா என அக்காணி விரிந்தது. எழுதுவினைஞன் ஒருவனின் ஆற்றலே ஆற்றல்களுள் தலையாயது என்னும் கருத்து இப்பொருளாதார அடிப்படையிலேதான் வேரூன்றியது.

இந்நிலையில் வைத்திய கலாநிதி சாமுவேல் பிஸ்க் கிறீனின் பணி தனித்து நோக்கத்தக்கது. மசச்சூசெற்ஸ் மாநிலத்தவரான அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்கள் கிராமங்களில் தங்காது அரசாங்க சேவைக்குச் சென்றுவிடுவதைக் கண்டு, 1864 முதல் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். இரணவைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883) முதலான நூல்கள் அவரும் அவருடைய மாணவரும் இணைந்து உழைத்ததன் பேறாகும்.

இரணவைத்தியம் என்னும் பெயரைச் சற்று ஆராய்வோம். ஆங்கிலத்தில் சர்ஜரி எனப்படும் துறையின் பெயர் கிரேக்க மூலத்திலே கையால் செய்யும் வேலை என்று பொருள்படுவது. கிரேக்கர் தச்சனின் தொழிலையும் மருத்துவனின் தொழிலையும் தெக்னே என்னும் ஒரே சொல்லால் வழங்கினர்; அதே வேளையில், அடிமைகளின் உழைப்பைச் சார்ந்து நின்ற அச்சமூகத்தில் கையுழைப்பால் வாழ்பவனுக்கு நற்குடிமகனின் வாழ்வு இயலாது என அரிஸ்டோட்டில் வாதிட்டார். லண்டனில் 1745 வரை சத்திரவைத்தியரும் நாவிதரும் ஒரே தொழிற் சங்கத்தவராய் இருந்தனர். இவ்வரலாறு முழுவதும் அத்துறையின் பெயரில் உறைந்து கிடக்கிறது. கிறீனின் தமிழ்ப் பெயரோ காயத்தைப் பேசியது, கையைப் பேசவில்லை. இன்று எம்மிடையே வழங்கும் சத்திரசிகிச்சை கருவியைப் பேசுகிறது. தமிழகத்தின் அறுவைச் சிகிச்சை செயலைப் பேசுகிறது. தமிழில் எப்பெயரிலும் கைக்கு இடமில்லை.

இதனைக் கிறீனின் குறைபாடாகக் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. மக்கள் மொழியில் அறிவியலைத் தரவேண்டும் என்னும் அவரது நோக்கு அக்காலத்துக்கு மிக முற்போக்கானது. அவர் எதிர்கொண்ட தடை சொல்லிலன்று, சான்றிதழிலே இருந்தது. 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டு, ஆங்கிலத்திற் பெற்ற தகைமையே அரசாங்க வேலைக்குரிய தகைமையான பின்னர், தமிழில் மருத்துவம் கற்பிக்கும் முயற்சி நிலைத்து நிற்க வழியில்லாது போயிற்று. நோயைத் தீர்க்கும் ஆற்றல் ஒன்று; அங்கீகரிக்கப்பட்ட ஆற்றல் வேறொன்று என்னும் பிளவு இங்கே தெளிவாகப் புலப்படுகிறது.

4

இருபதாம் நூற்றாண்டில் சொல்லாக்கம் தனிமனிதர் கையிலிருந்து சங்கங்களுக்கும், பின்னர் அரசுக்கும் மாறியது. 1936இல் சென்னையில் நிகழ்ந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஈழத்தவரான சுவாமி விபுலாநந்தர் என்பது நாம் நன்கறிந்ததே. 1940களில் கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தமும் தாய்மொழிக் கல்வியும் வந்தன. 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிடலாயிற்று. 1960 முதல் பல்கலைக்கழகத்திலும் தாய்மொழி போதனை மொழியாயிற்று. இலங்கைத் தமிழ்க் கல்வியுலகுக்கு, தமிழகத்தினின்றும் வேறுபட்ட சொற்றொகுதி ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

இச்சொற்றொகுதியில் ஆற்றல் பற்றிய பகுதியை நோக்கின் ஓர் ஒழுங்கு தென்படும். பரீட்சையில் தேறுதலை நாம் சித்தி என்கிறோம். யோகியர் தவத்தால் எய்தும் பேற்றைக் குறித்த சொல் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளுக்கு வந்தது. அதன் உயர்படிகளுள் ஒன்று திறமைச் சித்தி. ஐந்தாம் வகுப்பு மாணவர் எழுதும் பரீட்சைக்குப் பெயர் புலமைப்பரிசில். புலவர்க்குப் புரவலர் ஈந்த பரிசில் பத்து வயதுப் பிள்ளைக்கு வழங்கப்படுகிறது. அப்பரிசிலுக்காக அப்பிள்ளையின் மாலைப் பொழுதுகள் ரியூசன் கொட்டில்களில் கழிகின்றன. அரசாங்க ஊழியன் பதவியில் நிலைபெறத் தாண்டவேண்டியது வினைத்திறன் தடை. இயல்பான நாட்டத்தையும் பொருத்தத்தையும் ஒருங்கே குறிக்கும் அப்ரிரியூட் என்னும் சொல்லுக்கு உளச்சார்பு என்றனர். பொருத்தம் நீங்கி உள்ளமே எஞ்சியது. விரலில் உள்ள பொருத்தத்துக்கும் கண்ணில் உள்ள கணிப்புக்கும் அச்சொல்லில் இடம் எங்கே என்னும் வினா எழவில்லை.

அன்றாட வழக்கிலோ கையின் சொற்கள் தனியே வாழ்ந்தன. கைப்பழக்கம், கைப்பதம், கைவேலை, கைராசி என்பன அவை. மரக்கலம் கட்டுவோரைக் குறித்த ஓடாவி என்னும் சொல் ஈழத்தில் தச்சருக்கும் உரியதாயிற்று. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற மேத்திரி, ஆங்கிலேயர் விட்டுச்சென்ற மேசன், கடலோடிகளின் தண்டையல், கூத்துக் களரியின் அண்ணாவியார், பிரசவம் பார்த்த மருத்துவிச்சி என ஒவ்வொரு தொழிலிலும் வல்லாருக்குப் பெயர் உண்டு. ஆனால் இப்பெயர்கள் எவையும் பாடநூலின் ஆற்றற் சொற்களோடு உறவுகொள்ளவில்லை. மேற்றளத்தில் திறமை, சித்தி, புலமை. கீழ்த்தளத்தில் பழக்கம், பதம், ராசி. மேலே உள்ளது அறிவெனவும் கீழே உள்ளது பழகிப் போனதெனவும் கொள்ளப்பட்டன. மூளையுழைப்புக்கும் கையுழைப்புக்கும் இடையிலான பிரிவினை, சாதியமைப்பின் துணையோடு மொழியில் வரைந்த கோடு இதுவாகும்.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கிறீன் பிறந்த மாநிலம் அது. அங்கிருந்து மிஷனரிமார் கொண்டுவந்த அறிவை யாழ்ப்பாணம் கல்வி என்றது. யாழ்ப்பாணத்திலிருந்து அங்கு சென்று சேர்ந்த அறிவுக்கு எம் பாடநூல்களில் பெயர் இல்லை. அக்கப்பலைக் கட்டியவரும் செலுத்தியவரும் எந்தச் சொல்லால் குறிக்கத்தக்கவர் என எவரும் கேட்டிலர்.

5

மேற்கூறிய பின்னணியிலேதான் மெரிற் என்னும் சொல்லுக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஆங்கிலத்தில் அதன் அடிப்பொருள் ஒருவர் ஈட்டிக்கொண்ட உரிமை என்பது. தமிழகத்தில் அதற்குத் தகுதி என்பர். சிங்களத்தில் குசலதாவ என்பர். அச்சொல் கைத்தேர்ச்சியையும் குறிக்க வல்லது. எம்மிடையே அது திறமையாயிற்று. தகுதி என்பது உறவுச் சொல். எதற்குத் தகுதி என்னும் வினாவை அது உடன்கொண்டு வருகிறது. திறமையோ ஆளின் உள்ளே குடியிருப்பது. மூன்றோ நான்கோ பாடங்களிற் பெற்ற புள்ளிகளின் வரிசையைத் திறமை வரிசை என அழைத்தபோது, ஒரு நாட் பரீட்சையின் விளைவு மனிதரின் உட்பண்பாக நிலைநாட்டப்பட்டது.

1970ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளிகளும் பெற்றிருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. தொடர்ந்து 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. ஒரே வினாத்தாளுக்கு மொழிக்கேற்ப வெவ்வேறு எல்லை வகுத்தமை இனப் பாகுபாடு என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அதனை எதிர்த்தெழுந்த தமிழ் இளைஞரின் கோபம் நியாயமானது. அக்கோபம் இந்நாட்டின் பிற்கால வரலாற்றைத் திசைதிருப்பியது.

ஆயினும் அவ்வெதிர்ப்பின் மொழியை ஆராய்தலும் எமது கடன். திறமைக்கு அநீதி என்னும் முழக்கத்தில் திறமை என்பது எதனைக் குறித்தது? ஆய்வுகூடமும் நூலகமும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் உடைய குடாநாட்டுக் கல்லூரிகளில் ஈட்டப்பட்ட புள்ளிகளையே குறித்தது. அக்கல்லூரிகளின் வாயில்கள் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கு நெடுங்காலம் அடைபட்டிருந்தன. சம ஆசனத்துக்கே 1920களிலும் பின்னரும் போராட வேண்டியிருந்தது. மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் மலையகத் தோட்டங்களிலும் தமிழ் கற்ற பிள்ளைகளுக்கு அவ்வசதிகள் கிட்டவில்லை. அவர்களது குறைந்த புள்ளிகள் குறைந்த திறமை எனப் பெயர்பெற்றன. மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய மாவட்டத் தமிழ் மாணவர் சிலருக்கும் வழிதிறந்தது என்னும் உண்மையை எதிர்ப்பின் மொழி உள்வாங்கவில்லை. அநீதியைச் சுட்டிக்காட்டிய சொல்லே இன்னோர் அநீதியை மறைத்தும் நின்றது.

அனுமதி முறை அதன்பின் பலமுறை மாறியுள்ளது. 2001இல் இசற் புள்ளி முறை வந்தது. இன்று கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. கணக்கு நுட்பமாகியுள்ளது, சொல் மாறவில்லை. முதல் நாற்பதில் வருபவர் திறமையால் வந்தவர், ஏனையோர் கோட்டாவால் வந்தவர் என்னும் பேச்சு விரிவுரை மண்டபம் வரை பின்தொடர்கிறது.

6

அண்மைக் காலத்தில் இன்னொரு சொல் அரங்குக்கு வந்துள்ளது. 2007இல் தொடங்கிய பாடசாலைக் கலைத்திட்டச் சீர்திருத்தம் கொம்பிற்றன்ஸி என்னும் கருத்தை மையமாகக் கொண்டது. மகரகமத் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் அதனைத் தேர்ச்சி எனப் பெயர்த்தன. தமிழகத்தில் பரீட்சைச் சித்தியைக் குறிக்கும் தேர்ச்சி என்னும் சொல், இங்கே செய்யவல்ல தன்மையைக் குறிக்க நின்றது. தேர்தல் என்பது ஆராய்ந்து தெளிதல். வகையறிதல் என்னும் பழம்பொருள் நோக்கி இத்தெரிவு மீள்கிறது என்பதால் இதனை நாம் வரவேற்கலாம்.

இதே சொல் தேசியத் தொழிற் தகைமை முறையிலும் இடம்பெறுகிறது. ஏழு மட்டங்களைக் கொண்ட அம்முறையில், பள்ளி செல்லாது தொழில் பழகிய ஒருவர் முன்னர்க் கற்றதை மெய்ப்பித்துச் சான்றிதழ் பெற வழியுண்டு. மேசனும் ஓடாவியும் தம் கைப்பழக்கத்தைத் தேர்ச்சி எனக் கூற முதன்முதலாக உரிமை பெறுகின்றனர் எனலாம்.

எனினும் இதன் மறுபக்கத்தையும் நாம் காணாதிருத்தல் ஆகாது. மனிதரின் உடலிலும் உள்ளத்திலும் உள்ள ஆற்றல்களின் தொகுதியே சந்தையில் உழைப்புச் சக்தியாக விலைக்கு வருகிறது என மூலதனத்தின் முதற்பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். தேர்ச்சிகளை எண்ணிட்டு மட்டமிடும் புதிய முறை பெருமளவில் உள்நாட்டு நிறுவனங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேண்டிய உழைப்பை இனங்காணும் கருவியாகும். தலந்தொன் மீண்டும் தராசுக்குத் திரும்புகிறது. கோதா வேலைத்திட்டம் பற்றிய 1875ஆம் ஆண்டு விமர்சனத்தில் அதே சிந்தனையாளர் ஆற்றலை ஊதியத்தோடு பிணைக்காது, தேவையோடு இணைத்துப் பேசிய எதிர்காலச் சமூகம் இத்தராசுக்கு அப்பாற்பட்டது. அச்சமூகத்தில் ஆற்றல் என்பது ஒருவர் மற்றவர்க்கு அளிக்கத்தக்கது. மற்றவரைவிடத் தாம் உயர்ந்தவர் எனக் காட்டும் சான்றன்று.

இவ்விடத்துப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கும் சங்கங்களுக்கும் உரிய பணியொன்று உள்ளது. ஆங்கிலச் சொற்பட்டியலை முன்வைத்து அதற்கு நேராகத் தமிழ்ச் சொல் தேடும் முறையிலேயே எமது சொல்லாக்கம் இதுவரை பெரும்பாலும் நடந்துவந்துள்ளது. எதிர்த்திசையில் நடந்த முயற்சி மிகக் குறைவு. வல்வெட்டித்துறையின் கலங்கட்டும் துறைகளிலும், பனையோலை இழைக்கும் திண்ணைகளிலும், புகையிலைத் தோட்டங்களிலும், கூத்துப் பழகும் களரிகளிலும் ஒரு வேலை நன்கு செய்யப்பட்டது என்பதை உணர்த்தும் சொற்கள் எவை, பிழையைச் சுட்டும் சொற்கள் எவை, கற்பவன் எப்படிநிலையில் எப்பெயரால் அழைக்கப்பட்டான் என்பவை தொகுக்கப்படல் வேண்டும். 1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வும் நீண்ட போரும் இத்தொழிலாளரை ஊரூராகச் சிதறடித்தன. எஞ்சியோர் முதியோர்; அவர்களோடு சொற்களும் மறைகின்றன.

இத்தொகுப்பு நாட்டார் வழக்காற்றுக்கு மட்டும் உரிய சேகரமாக அமையலாகாது. அதிலுள்ள சொற்கள் பாடநூலுக்கும் ஆசிரியர் வழிகாட்டிக்கும் பரீட்சை வினாத்தாளுக்கும் செல்லுதல் வேண்டும். ஓடாவியின் பிள்ளை தன் தந்தை செய்வதை வகுப்பறைத் தமிழில், வெட்கமின்றி, சரியான சொல்லால் விவரிக்க முடியுமாயின், திறமை என்னும் சொல்லின்மீது ஒரு சிறுபான்மையினர் கொண்டாடிவந்த காணியுறுதி அன்றைக்கே செல்லாததாகும்.